பழியை லேத் மேல் போட்டேன்

ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறை அண்ணாச்சியின் கைவேலை சரியில்லை என்று 1990-களின் பிற்பகுதியில் ஒரு பேச்சு கிளம்பியது. “போரிங் போட்டா டேப்பர் விட்டுடுவாரு” என்பது அந்தப் பேச்சு, அதாவது குடைகிற துளை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் போய்விடும் என்று. மில் வட்டாரத்தில் நன்றாகவே பரவியது. கிளப்பியவன் நான். அது பொய். பொய் என்று அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தெரியும். அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அளந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சாயங்காலமானால் ராஜபாளையம் பட்டறைகளில்தான் கிடப்பேன். புத்தகம் படிக்கிற வாத்தியார் என்று கொஞ்சம் பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இவ்வளவும் செய்தேன் என்று இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. ஏதோ அறிவியலுக்காகப் பாடுபடுகிறவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

விவரம் விளங்க வேண்டுமானால் வால்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பைக்கோ காரோ கிணற்றடி ஆயில் எஞ்சினோ, நான்கு ஸ்ட்ரோக் என்றால் தலையில் இருப்பது காளான் வடிவ வால்வு. பாப்பெட் வால்வு என்பார்கள். கேம் அழுத்தினால் திறக்கும், ஸ்பிரிங் இழுத்தால் மூடும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை இதைச் செய்ய வேண்டும். புகை போகிற பக்கத்து வால்வு 700 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்துகொண்டே இதைச் செய்ய வேண்டும். சுற்று எல்லை மீறினால் ஸ்பிரிங்கால் கேமுக்கு ஈடுகொடுக்க முடியாது. வால்வு மூடாமல் மிதக்கும், பிஸ்டன் வந்து அதை இடிக்கும்.

எனக்கு இந்த வால்வின் மேல் ஒரு இளக்காரம். ஓடுவதும் நிற்பதும் திரும்புவதுமாக இருக்கிற ஒரு பொருள், சுழன்றுகொண்டே இருக்க வேண்டிய எஞ்சினில் எதற்கு என்று வகுப்பில் வருஷா வருஷம் கேட்பேன். 1876-ல் நிக்கோலவுஸ் ஓட்டோ செய்த முதல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினிலேயே காற்றும் வாயுவும் உள்ளே போனது சறுக்கு வால்வு வழியாகத்தான், காளான் வால்வு வழியாக அல்ல என்று சொல்வேன். பையன்கள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். அந்தச் சறுக்கு வால்வு ஏன் கைவிடப்பட்டது என்ற இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன். எண்ணெய் நிற்காது, சூட்டில் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் கூடினால் கசியும். பின்னால் என் எஞ்சினுக்கு வந்த நோய் மூன்றும் அங்கேயே இருந்தன.

மாற்று வால்வுக் கதைகள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அமெரிக்காவில் சார்லஸ் யேல் நைட் என்று ஒருவர், பால்பண்ணைத் தொழிலுக்குப் பத்திரிகை நடத்தியவர். (ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா!) தன் காரின் வால்வுச் சத்தம் தாங்காமல், வால்வே இல்லாத எஞ்சின் செய்யக் கிளம்பினார். சிலிண்டருக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள் மேலும் கீழும் வழுக்கும். அவற்றில் வெட்டிய ஜன்னல்கள் நேருக்கு நேர் வரும்போது வழி திறக்கும். ஸ்லீவ் வால்வு என்று பெயர். 1909 வாக்கில் இங்கிலாந்தின் டைம்லர் கம்பெனி அதைத் தன் கார்களில் போட்டது. சத்தமே இல்லாத கார். பின்னால் நீலப் புகை மட்டும் விட்டுக்கொண்டு போகும், ஏனென்றால் ஸ்லீவுக்கு இடுகிற எண்ணெயில் ஒரு பங்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டு ஸ்லீவுக்குப் பதில் ஒரே ஸ்லீவை ஏற்றி இறக்கிக்கொண்டே லேசாகத் திருப்புகிற முறையை பர்ட், மெக்கல்லம் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டார்கள். அதை ஹாரி ரிக்கார்டோ ஆராய்ந்தார், பிரிஸ்டல் கம்பெனியில் ராய் ஃபெடன் விமான எஞ்சினாக வளர்த்தார். அவர்களுடைய ஹெர்குலிஸ் எஞ்சின் மட்டும் 57,000-க்கு மேல் தயாரானது. அண்ணன் சென்டாரஸுக்கு 18 சிலிண்டர். அது பூட்டிய டெம்பெஸ்ட் விமானங்களை நம் விமானப்படை 1947-48 காஷ்மீர்ச் சண்டையில் ஓட்டியது. அதற்கும் மேலே, நம் ஆவடியில் 1960-களின் நடுவில் உருவாகத் தொடங்கிய விஜயந்தா டாங்கியின் லேலண்ட் எல்60 எஞ்சினில் வால்வு என்ற உறுப்பே கிடையாது. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து நடுவில் வெடியை வாங்கிக்கொண்டு விலகும், விலகும்போது சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஓட்டைகளைத் திறக்கும். மெட்ராஸ் பக்கத்தில் வால்வில்லாத எஞ்சினோடு டாங்கி கட்டியிருக்கும்போது ராஜபாளையத்தில் ஏன் முடியாது என்று கேட்பேன். அதே எல்60, பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் போட்டு எவ்வளவு கெட்ட பெயர் வாங்கியது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல மாட்டேன்.

சொல்லாமல் விடுவது எனக்கு முதலிலிருந்தே பழக்கம் என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

நான் செய்யக் கிளம்பியது ரோட்டரி வால்வு. சிலிண்டரின் தலைக்கு மேல் குறுக்கே ஒரு உருளை. உருளைக்குள் ஒரு பக்கம் காற்று வருகிற வழி, மறுபக்கம் புகை போகிற வழி, நடுவில் சாய்வாக ஒரு தடுப்பு. உருளை சுழலச் சுழல இரண்டு வழியும் மாறி மாறி சிலிண்டரின் ஜன்னலுக்கு நேரே வரும். ஸ்பிரிங் கிடையாது, தட்டல் கிடையாது, மிதக்க ஒன்றும் கிடையாது. இங்கிலாந்தில் ரோலண்ட் கிராஸ் இதைத்தான் செய்தார். ஃபிராங்க் ஆஸ்பின் கூம்பு வடிவத்தில் வேறொன்று செய்தார். இருவரும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவர்கள். நூலகத்தின் பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் கிராஸின் குறுக்குவெட்டுப் படம் இருந்தது. அதைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தேன். ஊரில் என் சொந்த யோசனை என்று சொன்னேன். கேட்டவர்கள் யாரும் கிராஸைக் கேள்விப்பட்டதில்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ என்னை ‘நம்ம ஊரு விஞ்ஞானி’ என்று அறிமுகப்படுத்தியபோது மறுக்காமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

எஞ்சினுக்கு ஹீரோ ஹோண்டா சிடி 100 பொருத்தமாக வந்தது. 50 மில்லிமீட்டர் போர், 97 சிசி, ஓடித் தேய்ந்த வண்டி மலிவாகக் கிடைக்கும். அதைவிட முக்கியம், அதில் கேம் தலையிலேயே இருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும்படி செயின் ஏற்கெனவே ஓடுகிறது. கிராஸ் உருளைக்கும் அதே பாதி வேகம்தான் வேண்டும். கேமையும் ராக்கரையும் வால்வையும் தூக்கிப் போட்டுவிட்டு, அலுமினியக் கட்டி ஒன்றைக் குடைந்து புது ஹெட் செய்து, அதற்குள் 36 மில்லிமீட்டர் இரும்பு உருளையை விட்டு, செயினில் சில கண்ணிகளைக் குறைத்து மாட்டினால் ஆயிற்று. காகிதத்தில் இன்றைக்குப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது.

இனி அண்ணாச்சி. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு ஊரிலும் சுற்றிலும் நூற்பு மில்கள் பெருகின. மில்லோடு லேத் பட்டறைகளும் பெருகின. ரோலர், புஷ், ஷாஃப்ட் என்று மில்லில் தேய்ந்ததெல்லாம் அங்கேதான் வரும். நூற்பு ரோலரில் ஒரு இம்மி கோணல் இருந்தால் நூலில் தெரியும். அப்படிப்பட்ட வேலையில் பல வருஷம் நின்றவர் அவர். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லை. மைக்ரோமீட்டரை எடுக்காமலேயே, விரலால் தடவி எங்கே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்வார். அப்புறம் அளந்தால் சரியாக இருக்கும். வயதில் என்னைவிடப் பெரியவர், ஆனாலும் வாத்தியார் என்பதால் என்னை ‘சார்’ என்பார்.

படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “பிஸ்டனுக்கு ரிங் இருக்கு சார். இதுக்கு எங்க ரிங்கு?”

ரிங் வேண்டாம், இடைவெளியைக் குறைத்துப் போட்டால் அதுவே கசிவை நிறுத்தும் என்றேன். வரைபடத்தில் இடைவெளி 0.04 மில்லிமீட்டர், அதாவது நாற்பது மைக்ரான்.

“சூட்டுல பிடிச்சிக்கிடும் சார்.”

இதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். வெளிக்கூடு அலுமினியம், உள்ளே உருளை இரும்பு. ஆக சூடேறச் சூடேற இடைவெளி கூடத்தான் செய்யும், குறையாது. கரும்பலகையில் எழுதுவது போல அவருடைய பட்டறைச் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டும் ஒண்ணா சூடானாத்தானே சார்?”

அந்த ஒரு வரியில் என் எஞ்சின் செத்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. புரியவில்லை என்பதும் முழு உண்மையில்லை. உள்ளே எங்கோ உறைத்தது, அவர் முன்னால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. உருளைக்குள் எரிந்த வாயு நேராகப் பாய்கிறது. கூட்டுக்கு வெளியே காற்று அடித்துக் குளிர்விக்கிறது. உருளை 200 டிகிரி ஏறுகிற நேரத்தில் கூடு 40 டிகிரிகூட ஏறியிருக்காது. 36 மில்லிமீட்டர் இரும்பு 200 டிகிரிக்கு சுமார் 0.08 மில்லிமீட்டர் பருக்கும். கூடு 40 டிகிரிக்கு 0.03 விரியும். முதலில் விட்ட இடைவெளி 0.04. கூட்டிப் பாருங்கள், இடம் பற்றாது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. இடைவெளியை 0.1 ஆக்கினால் பிடிக்காது, ஆனால் குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் முழுக்கக் கசிந்து ஸ்டார்ட்டே ஆகாது.

இளக்காரம் செய்த காளான் வால்வு இந்த இடத்தில்தான் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று தெரிகிறது. அது சிலிண்டருக்கு உள்ளிருந்து மேல்நோக்கி மூடுகிறது. வெடிக்கிற வாயுவே அதை அதன் இருக்கையில் அழுத்துகிறது. உள்ளே கூட்டம் நெருக்கும்போது உள்பக்கமாகத் திறக்கும் கதவை யாராலும் திறக்க முடியாது, அதுபோல. அழுத்தம் கூடக் கூட இறுக்கம் கூடும். திறக்க வேண்டிய நேரத்தில் அழுத்தம் பெரும்பாலும் தணிந்திருக்கும். ரோட்டரி வால்வில் எல்லாம் எதிர்மாறு. என் ஜன்னலின் பரப்பு 5.4 சதுர சென்டிமீட்டர். வெடிக்கும்போது சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் வரும் என்று வைத்தால், இருநூறு கிலோவுக்கு மேல் எடை உருளையை ஜன்னலிலிருந்து பிரித்து எதிர்ச்சுவரில் தேய்க்கும். தேய்த்துக்கொண்டே சுழல வேண்டும். அதற்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய் விட்டால் உள்ளே கசிந்து எரியும். காளான் வால்வுக்கோ கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவிக் கையால் தேய்த்து, மண்ணெண்ணெயை ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. டேப்பட் இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தட்டிக்கொண்டே ஓடும். மரத்தடி மெக்கானிக்கிடமும் ஓடும். நான் அதற்கு வைத்த பெயர் ‘முட்டாள் வால்வு’.

அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். கூட்டுக்குள் வார்ப்பிரும்பில் ஒரு லைனர் அடித்து, இடைவெளியைத் தாராளமாக விட்டு, ஜன்னலைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த பட்டை ஒன்று போட்டு அது உருளையை ஒட்டி நிற்கும்படி செய்யலாமே என்று, சுவரில் என் கணக்குக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். செலவு கூடும் என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். செலவு காரணமில்லை. அதைப் போட்டால் அவர் யோசனையும் அதில் சேர்ந்துவிடும். “படத்துல உள்ளபடி போடுங்க அண்ணாச்சி” என்றேன். போட்டார்.

எஞ்சின் ஓடவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஓடியது. டேப்பட் சத்தம் இல்லாத சிடி 100-ஐ நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் சுமையில்லாமல், கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டுத்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் உருளை கையில் கொஞ்சம் கனமாகத் திரும்பியது. அதையும் பார்த்தேன்.

சிவகாசியிலிருந்து ஒருவர் பணம் போடலாம் என்று பார்க்க வந்தார். கூடவே ஒரு மில்லின் பராமரிப்புப் பிரிவு அதிகாரி, என்னுடன் வேலை பார்த்த இருவர், சில மாணவர்கள். அண்ணாச்சியும் வந்து ஓரமாக நின்றார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பேசிக்கொண்டே, வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓடவிட்டேன். சிவகாசிக்காரர் சுமை ஏற்றிக் காட்டச் சொன்னார். பிரேக்கை ஏற்றினேன். ஒரு கீச்சுச் சத்தம், செயின் அறுந்து உறைக்குள் சுருண்டது, எஞ்சின் நின்றது. உருளை கூட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வந்தவர் என்ன ஆச்சு என்று கேட்டார். எனக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. “டிசைன்ல ஒண்ணுமில்லீங்க. போரிங்ல டேப்பர் விட்டிருக்காரு” என்றேன். கையால் அண்ணாச்சி நின்ற பக்கம் காட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அவர் சண்டை பிடிக்கவில்லை. “டயல் வெச்சுப் பாருங்க சார்” என்று மட்டும் சொன்னார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

ராத்திரி எல்லோரும் போன பிறகு உருளையைத் தட்டி எடுத்து, போர் கேஜ் வைத்து அளந்தேன். வாயில், நடுவில், கடைசியில். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில். டேப்பர் இல்லை. வட்டம் பிசகவில்லை. வரைபடத்தில் நான் என்ன எழுதியிருந்தேனோ அது அப்படியே இருந்தது. உருளையில் அலுமினியம் ஒட்டியிருந்த தழும்பு, புகை போகிற பக்கம் மட்டும். காற்று வருகிற குளிர்ந்த பக்கம் பளபளவென்று இருந்தது. கடைசல் கோணலாக இருந்தால் தழும்பு இப்படி விழாது. சூட்டில் பருத்தால்தான் இப்படி விழும். அந்தத் தழும்பைப் பார்த்தால் என் மாணவனே சொல்லியிருப்பான். எமரித் தாளை எடுத்து அதைத் தேய்த்து அழித்தேன். இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதக் கஷ்டமாக இருந்த வரி இதுதான். கோபத்தில் வாய்தவறிச் சொன்ன பழியாக அதுவரை இருந்தது. எமரியை எடுத்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அதன் பிறகு பொய்யைப் படிப்பாலும் முட்டுக் கொடுத்தேன். நேப்பியர் சேபர் என்ற 24 சிலிண்டர் ஸ்லீவ் வால்வு விமான எஞ்சின் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் டைஃபூன் விமானத்தில் போட்டார்கள். தொடக்கத்தில் அதன் ஸ்லீவுகள் வட்டம் பிசகி, தேய்ந்து, பிடித்துக்கொண்டு, பெரிய தலைவலியாக இருந்தது. பிரிஸ்டல் கம்பெனியின் டாரஸ் எஞ்சினுக்குச் செய்த ஸ்லீவைப் போட்டுப் பார்த்தால் ஓடியது. அப்புறம் அமெரிக்காவிலிருந்து தனியாகக் கிரைண்டிங் மெஷின்களை வரவழைத்துச் சரிசெய்தார்கள். இது உண்மையில் நடந்தது. நான் இதை எடுத்துச் சொல்வேன்: “பாருங்க, நேப்பியர் கம்பெனிக்கே மெஷினிங்தான் கால வாரிச்சு. நம்ம ஊரு லேத்தை நம்பி நான் இறங்கினது தப்பு.” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். உண்மையான ஒரு வரலாற்றை வைத்துச் சொல்கிற பொய்க்கு எதிர்ப்பேச்சு வராது.

சிவகாசிக்காரர் பணம் போடவில்லை. அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டிய மிச்சக் கூலியை, வேலை சரியில்லை என்று சொல்லி நிறுத்தினேன். அவர் கேட்கவும் இல்லை. மில் அதிகாரி தன் மில்லின் ரோலர் வேலைகளை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டீக்கடையில் சொன்னது அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடும். மற்ற மில்களும் ஒவ்வொன்றாக விலகின. அவர் கிணற்று மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ் என்று இறங்கினார். பெரிய லேத்தை விற்றதாகக் கேள்விப்பட்டேன். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

2000-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பிஷப் கம்பெனி, மெர்சிடிஸ் இல்மோருடன் சேர்ந்து ஃபார்முலா ஒன் பந்தய எஞ்சினுக்கு ரோட்டரி வால்வு செய்தது. அதைப் பற்றிப் படித்தபோது உட்கார்ந்துவிட்டேன். அவர்களும் உருளையைத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் உருளை ஊசி பேரிங்கில் நின்றது, கூட்டைத் தொடவில்லை. ஜன்னலைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த சீல் பட்டைகள் உருளையை ஒட்டி நின்றன. அதாவது, அண்ணாச்சி கேட்ட ரிங். சுவரில் என் கணக்குக்குப் பக்கத்தில் அவர் சாக்பீஸால் போட்ட கோடு. பிறகு பந்தய விதிகளில் காளான் வால்வுக்கு மட்டுமே அனுமதி என்று எழுதிவிட்டதால் அந்த எஞ்சின் பந்தயத்துக்கே வரவில்லை. நான் இதை நண்பர்களிடம், “என் ஐடியாவுக்குத் தடையே போட்டுட்டாங்க” என்று சொல்லித் திரிந்தேன். அப்போதும் திருந்தவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு தடவை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிறவன் வேறு என்ன கொண்டுபோவான், பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். நானும் விசாரித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழுந்து வந்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

சொன்னது சமீபத்தில்தான். அன்றைய அளவுகளை எழுதி வைத்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, எமரியால் தேய்த்தது வரை சொன்னேன். நிறுத்திய கூலியையும் கொடுத்தேன்; அன்றைய தொகையை இன்றைக்குக் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நோட்டில் இருந்த அளவுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “எங்கிட்டச் சொல்லி என்ன சார் செய்ய? எனக்குத் தெரிஞ்சதுதானே. அந்த மில்லுக்காரருகிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றார்.

போனேன். அந்த அதிகாரி ஓய்வுபெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறார். அவருக்கு என் எஞ்சின் ஞாபகமில்லை. சிடி 100 ஞாபகமில்லை, செயின் அறுந்தது ஞாபகமில்லை, சிவகாசிக்காரர் ஞாபகமில்லை. நான் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, “அந்தப் பட்டறையா? அங்க போரிங் சரியா வராதே” என்றார்.

அதனால்தான் இதை அச்சில் எழுதுகிறேன். பட்டறை இன்னும் இருக்கிறது, மகன் நடத்துகிறார். அப்பா மாலை நேரத்தில் வந்து உட்கார்ந்து மைக்ரோமீட்டர் பிடிக்கிறார். எந்தப் பட்டறை என்று ராஜபாளையத்து மில்காரர்களுக்கு நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பழைய பேச்சை நம்பி அங்கே வேலை கொடுக்காமல் இருப்பவர்கள் இனிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நோட்டைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காட்டுகிறேன். அவர் போட்ட போரிங்கில் டேப்பர் இல்லை. வரைபடத்தில் 0.04 என்று எழுதியது நான்.